பத்துக்கு எவ்வளவு?

பாரிஸின் சால்பெத்ரியர் மருத்துவமனையை நரம்பியலின் தலைநகராக்கிய சார்கோ 1893-இல் இறந்தார். அவரிடம் சில மாதங்கள் பயின்றிருந்த ஃப்ராய்ட் ஓர் அஞ்சலிக் கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரையின் ஓரத்தில் ஒரு வேலைக்காரப் பெண் வந்துபோகிறாள். விநோதமான நடுக்கத்தால் கைப்பொருளைத் தவறவிடுகிறவள் என்பதால் யாரும் அவளை வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. மாணவராக இருந்த சார்கோ அந்த நடுக்கத்தில் ஒரு நோயைக் கண்டுகொண்டு, அவளைத் தன் வீட்டிலேயே வேலைக்கு அமர்த்திக்கொண்டார். வருடங்கள் போகப்போக அவள் உடைத்த தட்டுகளுக்கும் கோப்பைகளுக்கும் ஒரு சிறு சொத்தே கரைந்ததாம். அவள் இறந்தபிறகு அவளை வைத்துத்தான், மூளையிலும் தண்டுவடத்திலும் விழும் தழும்புகளே அந்த நோய் என்று அவரால் நிறுவ முடிந்தது.

ஆசானின் பொறுமைக்கும் கூர்மைக்கும் சாட்சியாக ஃப்ராய்ட் இதைச் சொல்கிறார். நான் வாசித்தபோது என் கண் தட்டுகளின் மேல்தான் நின்றது. உடைந்த பீங்கானுக்குக் கணக்கு இருக்கிறது. அவளுக்குப் பெயர் இல்லை. அவளுக்கு வலித்ததா, எங்கே, எப்படி என்று யாரும் கேட்டதாகவும் இல்லை. மல்டிபிள் ஸ்களிரோசிஸ் என்று இன்று நாம் அழைக்கும் நோய் மருத்துவ நூலுக்குள் நுழைந்த வழிகளில் ஒன்று இது: பேசாத ஒரு வேலைக்காரியின் உடல், அதுவும் இறந்தபின்.

இந்தக் கட்டுரை நோயைப் பற்றியதைவிட, அந்தப் பெண்ணிடம் கேட்கப்படாத கேள்வியைப் பற்றியது. நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடலின் தற்காப்புப் படையே, மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு இவற்றின் மேலுறையை எதிரியென்று கருதித் தின்கிறது. மின்கம்பியின் ரப்பர் உறையை எலி கடித்தால் என்ன ஆகுமோ அதுதான். சில இடங்களில் செய்தி போகாது: கால் மரக்கும், கண் மங்கும். சில இடங்களில் இல்லாத செய்தி போகும்: எரியும், குத்தும், இழுக்கும். உலகில் 28 லட்சம் பேருக்கு இருப்பதாக 2020-இல் கணக்கிட்டார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதுக்குள் வரும், அதாவது கல்யாணம், பிரசவம், மாமியார் வீடு என்று ஒரு பெண்ணின் உடலை ஊரே கவனித்துக்கொண்டிருக்கும் வயதில்.

வெகுகாலம் இதை வலியில்லாத நோய் என்றே மருத்துவம் கருதியது. முடக்கும், ஆனால் நோகாது என்று நினைத்தார்கள். இப்போதைய ஆய்வுகளோ பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஏதோவொரு வலி இருப்பதாகச் சொல்கின்றன. நோய் மாறிவிடவில்லை, கேட்பது மாறியிருக்கிறது. சார்கோவின் அதே வளாகத்தில்தான் ‘ஹிஸ்டீரியா’ என்று பெயரிடப்பட்ட பெண்கள் மாணவர்கள் முன்னிலையில் காட்சிக்கு நிறுத்தப்பட்டார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும். தழும்பு கண்ணுக்குத் தெரிந்தால் நோய், தெரியாவிட்டால் ஹிஸ்டீரியா. எம்.ஆர்.ஐ. கருவி வரும்வரை, உயிரோடிருக்கும் பெண்ணின் தழும்பு எவர் கண்ணுக்கும் தெரியாது. ஊரில் நாம் ‘நடிக்கிறா’ என்று சொல்வதும் இந்தத் தர்க்கத்தின் பேச்சுமொழிதான்.

வர்ஜீனியா வுல்ஃப் 1926-இல் ‘நோயுற்றிருத்தல் பற்றி’ என்ற கட்டுரையை எழுதினார். நோயை எழுத ஆங்கிலத்தில் சொல் இல்லை என்பது அவருடைய புகழ்பெற்ற முறையீடு. காதல்வயப்பட்ட பள்ளிச் சிறுமிக்காகப் பேச ஷேக்ஸ்பியரும் கீட்ஸும் இருக்கிறார்கள். தலைவலிக்காரி மருத்துவரிடம் பேசப்போனால் மொழி வற்றிவிடுகிறது என்கிறார். அறுபது ஆண்டுகள் கழித்து, 1985-இல், எலைன் ஸ்கேரி ‘வலியில் உடல்’ என்ற நூலில் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார்: வலி மொழியை எதிர்ப்பது மட்டுமல்ல, அழித்தேவிடுகிறது. இரண்டையும் நான் மதிக்கிறேன். முதுகலை வகுப்பில் பாடமும் நடத்தியிருக்கிறேன். ஆனால் நைனார்பாளையத்தில் வளர்ந்தவளுக்கு இரண்டுமே முழுதாகப் பொருந்துவதில்லை.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வலியைச் சொல்லச் சொல்லில்லை என்று எவராவது சொன்னால் சிரிப்பார்கள். மக்காச்சோளக் காட்டில் கதிர் ஒடித்துவிட்டு, மரவள்ளி பிடுங்கிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தால் அவர்கள் பேச்சில் முதலில் வருவதே அதுதான். குத்தல் வேறு, குடைச்சல் வேறு. கடுப்பு வேறு, உளைச்சல் வேறு. எரிச்சல், காந்தல், பிடிப்பு, இழுப்பு, தெறிப்பு, மரமரப்பு, மதமதப்பு. விண்விண் என்று தெறிக்கும், சுருக்சுருக்கென்று குத்தும், திகுதிகுவென்று எரியும், குறுகுறுவென்று ஊரும். இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறோம். அந்த இரட்டிப்பு அலங்காரமல்ல. விட்டுவிட்டு வரும் நரம்புவலியின் தாளமே அதில் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, இலக்கணத்திலேயே. ஆங்கிலத்தில் வலியை ஒருத்தி ‘வைத்திருக்கிறாள்’. தமிழில் ‘எனக்கு வலிக்கிறது’, ‘கால் குடையுது’. எழுவாய் இடத்தில் கால் நிற்கிறது. அவள் நான்காம் வேற்றுமையில், வலி வந்து சேரும் இடமாக நிற்கிறாள். வலி அவள் சொத்துமல்ல, செயலுமல்ல. தன்னை நோயோடு ஒன்றாக்கிக்கொள்ளாமல் இருக்க மேற்கத்திய நூல்கள் பக்கம் பக்கமாகப் பயிற்சி சொல்கின்றன. எங்கள் கிழவிகளுக்கு அந்தத் தூரம் உருபிலேயே கிடைத்திருக்கிறது. இதை நான் பெருமையடிக்கச் சொல்லவில்லை. சொல் இருந்தும் கேட்கப்படாமல் போவது, சொல் இல்லாமல் போவதைவிட மோசம்.

கேட்கப்படாமல் போகும் இடம் எது? என் சித்தி மகளுக்கு, எனக்கு அக்கா, இந்த நோய் இருக்கிறது. சின்னசேலம், கள்ளக்குறிச்சி, சேலம், புதுச்சேரி என்று நோய்க்குப் பெயர் கிடைக்கவே சில வருடங்கள் அலைந்த குடும்பம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதே 2019-இல்தான், அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல். அதற்கு முந்தைய அலைச்சல் அது. ஒரு மருத்துவமனையில் நானும் உடன் இருந்தேன். வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டார்கள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, “அதென்னாடி, பரீட்சையா?” என்றாள். மாமா முந்திக்கொண்டு, “அஞ்சு போட்டுக்குங்க சார்” என்றார். அஞ்சு எழுதப்பட்டது. அவர் கெட்டவரல்ல; ரேஷன் கார்டிலிருந்து வங்கி வரை அவர்தான் பேசுவார், அங்கேயும் பேசினார். அன்று அவள் உடலில் மூன்று வலிகள் இருந்தன. ஐந்து என்பது எதற்கு?

இது கவித்துவ மனத்தாங்கல் மட்டுமல்ல. இந்த நோயில் எந்தச் சொல்லைச் சொல்கிறாள் என்பதைப் பொறுத்துத்தான் மாத்திரை. கன்னத்தில் மின்னல் போலத் தெறித்தால் அது முக்கிளை நரம்பு வலி, அதற்கு கார்பமாசெபைன் கொடுப்பார்கள். ஆடுசதை இழுத்துப் பிடித்தால் தசை இறுக்கம், அதற்கு பேக்லோஃபென், கூடவே தசையை நீட்டி மடக்கும் பயிற்சி. பாதம் ஓயாமல் எரிந்தால் காபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் என்று வேறு வரிசை. கழுத்தைக் குனிந்தால் முதுகெலும்பு வழியே மின்சாரம் இறங்குவதற்கு லெர்மிட் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயர். அது வந்தவேகத்தில் போய்விடும், பெரும்பாலும் மருந்து கேட்காது, பெயர் தெரிந்தாலே பாதி பயம் போகும். எல்லோர் வீட்டிலும் இருக்கும் பாராசிட்டமால் இந்த நரம்புவலிகளில் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆக, தெறிப்பு, இழுப்பு, எரிச்சல் என்ற மூன்று சொல்லையும் ‘அஞ்சு’ என்று ஆக்கும்போது பொருள் இழப்பு இலக்கியத்தில் நிகழவில்லை, மருந்துச்சீட்டில் நிகழ்கிறது. 1975-இல் கனடாவின் மெல்ஸாக் எண்ணுக்குப் பதில் சொற்களால் ஆன ஒரு வலி வினாத்தாளை வெளியிட்டார். குத்துவதா, துடிப்பதா, எரிவதா என்று நோயாளியே தேர்ந்தெடுப்பது. எண்ணைக் கேட்பது சீக்கிரம் முடியும். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் சீக்கிரம்தான் வெல்லும்.

சங்க அகப்பாடல்களை நாற்பது வயதுக்குமேல் வேறுவிதமாக வாசிக்கிறேன். வெறியாட்டுப் பாடல்கள் எல்லாமே ஒருவகையில் தவறான நோயறிதல் காட்சிகள். மகள் மெலிகிறாள், நிறம் மாறுகிறாள், வளை கழல்கிறது. தாய் கட்டுவிச்சியையும் வேலனையும் அழைக்கிறாள், கழங்கு பார்க்கிறார்கள், முருகு அணங்கியது என்கிறார்கள், ஆட்டுமறி வெட்டப்படுகிறது. மகளுக்கும் தோழிக்கும் உண்மை தெரியும், வாசகருக்கும் தெரியும். தாயின் அறியாமையைப் பார்த்து நாம் புன்னகைக்கும்படிதான் பாடல் அமைந்திருக்கிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டும் அங்கேதான் தொடங்குகிறது: தலைவியின் நோய்க்குக் காரணம் தேடி அலுத்த தாயிடம் தோழி பேச ஆரம்பிக்கிறாள். தொண்ணூற்றொன்பது பூக்களுக்காகவே அந்தப் பாட்டைப் பாடம் நடத்திப் பழகியிருக்கிறோம். எனக்கு இப்போது பூக்களைவிட அந்தத் தொடக்கம் முக்கியமாகப் படுகிறது. நோயுற்றவளுக்காக, அவள் சம்மதத்தோடு, அவள் சொன்னதைத் திரிக்காமல், அதிகாரத்தில் இருப்பவரிடம் பேசும் இன்னொரு பெண். அறத்தொடு நிற்றல் என்று அதற்கு இலக்கணம் பெயர் வைத்திருக்கிறது. மருத்துவமனை வரிசையில் எனக்குத் தேவைப்பட்டது அந்தத் துறைதான்.

ஆனால் இந்த மரபோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. வேலன் தோற்று, தோழி வென்றபிறகு கிடைக்கும் விடை எப்போதும் ஒன்றே: காதல். திருக்குறளின் காமத்துப்பாலிலும் நோய் என்றால் பெரும்பாலும் பிரிவுதான். பெண்ணுடல் மெலிந்தால், வெளிறினால் அந்த அறிகுறி ஓர் ஆணைச் சுட்ட வேண்டும் என்று இரண்டாயிரம் வருடமாகப் பழகியிருக்கிறோம். வுல்ஃப் காதலுக்குச் சொல் உண்டு, நோய்க்கு இல்லை என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தினார். தமிழில் சிக்கல் வேறு: காதல் நோயின் சொல்லையே எடுத்துக்கொண்டுவிட்டது. வெறும் நோய்க்கு, எவரையும் சுட்டாத, எந்தத் தலைவன் வந்தாலும் தீராத உடல்நோவுக்கு, செவ்வியல் கவிதையில் பெண்ணுக்கு இடம் குறைவு. அக்காவுக்கு முதன்முதலில் கால் மரத்தபோது, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள். அப்படிச் சொன்ன கிழவி குறிஞ்சிப்பாட்டை வாசித்தவளல்ல. வாசித்திருக்கத் தேவையும் இல்லை.

நவீனத்துக்கு வருவோம். குட்டி ரேவதியின் ‘முலைகள்’ 2002-இல் வந்தபோது எழுந்த கூச்சல் நினைவிருக்கும். சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி எல்லோரும் அந்த ஆண்டுகளில் உடலைத் தமிழ்க் கவிதையின் நடுவே கொண்டுவந்து வைத்தார்கள். அதில்லாமல் நான் எழுதவந்திருக்க மாட்டேன். ஆனால் நாங்கள் போராடி வென்ற உடல் பெரும்பாலும் விழையும் உடல், வன்முறைக்கு ஆளான உடல், பிள்ளை பெறும் உடல். தினமும் காலை எழுந்ததும் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று எண்ணிப் பார்க்கும் உடல் அந்த அளவுக்குக் கவிதைக்குள் வரவில்லை. விழைவை எழுதுவது கலகம் என்றார்கள். நோவை எழுதினால் புலம்பல் என்பார்களோ என்ற தயக்கம் எங்களுக்குள்ளேயே இருந்தது என்று நினைக்கிறேன்.

இந்தத் தயக்கத்தை அமெரிக்காவில் உடைத்தவர் நான்சி மேர்ஸ். 1943-இல் பிறந்தவர், முப்பதை எட்டுமுன்பே எம்.எஸ். கண்டறியப்பட்டவர், 2016-இல் மறைந்தார். கவிஞர், ஆசிரியர், பெண்ணியர். 1986-இல் வந்த ‘பிளெயின்டெக்ஸ்ட்’ தொகுப்பில் தன்னை முடவி என்று அழைத்துக்கொள்ளும் அவருடைய கட்டுரை இருக்கிறது. அது தொடங்கும் இடம் ஓர் அலுவலகக் கழிப்பறை. ஊனத்தைப் பற்றிக் கட்டுரை எழுதலாமே என்று யோசித்தபடி கதவைத் திறக்கிறவர் நிலைதடுமாறி அப்படியே பின்னால் கழிப்பறை இருக்கையில் விழுகிறார், விழுந்தபடி சிரிக்கிறார். நோயை எழுதும் பெண் கண்ணியமான இடத்திலிருந்து எழுத வேண்டும் என்ற எதிர்பார்ப்பை முதல் பத்தியிலேயே கவிழ்த்துவிடுகிறார். ‘ஊனமுற்றவர்’, ‘மாற்றுத்திறன் கொண்டவர்’ போன்ற இதமான சொற்கள் வேண்டாம், கடுமையான பழைய சொல்லே வேண்டும் என்கிறார். படிக்கிறவர் சுளிக்கட்டும் என்றே அந்தத் தேர்வு.

இதைத் தமிழில் அப்படியே செய்ய முடியுமா? என்னால் முடியவில்லை. ‘நொண்டி’ எங்கள் ஊரில் உவமையல்ல, ஒருவரைக் கூப்பிடும் பெயர். சாதிப்பெயரைப் போல முன்னால் ஒட்டிக்கொண்டு, இறந்தபின்னும் வீட்டு அடையாளமாக நிற்கும். பல்கலைக்கழக வளாகத்தில் அந்தச் சொல்லை ஒருத்தி தானே எடுத்து அணிந்துகொள்ளலாம். தெருவில் பிறர் எறிந்த சொல்லை எடுத்து அணிய வேறு பலம் வேண்டும். அரசு ‘மாற்றுத்திறனாளி’ என்று மாற்றியதைக் கிண்டல் செய்கிற நண்பர்கள் உண்டு, செயற்கையான சொல்தான். ஆனால் வட்டாட்சியர் அலுவலகத்தில் அந்தச் செயற்கைச் சொல்லால் அழைக்கப்படுவது எப்படியிருக்கும் என்று எறிபட்டவர்களைத்தான் கேட்க வேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது, மல்டிபிள் ஸ்களிரோசிஸும் அதில் ஒன்று. சலுகைகள் பலவற்றுக்கு நாற்பது விழுக்காடு என்ற வரம்பு இருக்கிறது. மறுபடியும் எண். வெளியில் தெரியாத எரிச்சலோடு நடந்தே அலுவலகத்துக்கு வரும் பெண், ‘நல்லாத்தானே இருக்கீங்க’ என்ற பார்வையைத் தாண்டித்தான் அந்த எண்ணுக்குப் போக வேண்டும்.

மேர்ஸின் அந்தக் கட்டுரையில் எனக்கு ஒரு குறையும் உண்டு. விழுதல், களைப்பு, வெட்கம், பிறர் உதவியை ஏற்பதன் சங்கடம் எல்லாம் துல்லியம். வலிக்கு அங்கே அதிக இடமில்லை. என் அக்காவின் நாளில் பெரும்பகுதி அதுதான்.

அவள் எப்படிச் சமாளிக்கிறாள் என்பதை ஒரு பிரதியைப் போல நான் கவனித்து வருகிறேன். முதல் எதிரி வெயில். உடம்புச் சூடு ஏறினால் உறையிழந்த நரம்பில் செய்தி இன்னும் தடுமாறும். 1890-இலேயே ஊத்தோஃப் என்ற ஜெர்மானியர் இதைக் குறித்திருக்கிறார். ஒருகாலத்தில் இந்த நோயா என்று சோதிக்க வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துப் பார்ப்பார்களாம். சித்திரை மாதத்து நைனார்பாளையத்துக்குத் தொட்டி தேவையில்லை. சமையல் ஒன்பது மணிக்குள் முடிகிறது. அடுப்படியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கழுத்தில் நனைத்துப் பிழிந்த துண்டு. குழம்பும் பொரியலும் ஒரே நாளில் கிடையாது. இதற்கு மட்டும் வீட்டில் ஒரு வருடம் சண்டை நடந்தது. இரவில் பாதத்தில் போர்வை பட்டால் எரிகிறது என்று பாதத்தை வெளியே விட்டுத் தூங்குகிறாள். ஆடுசதை இழுக்கும்போது சுவரில் உள்ளங்காலை அழுத்திக்கொண்டு நிற்கிறாள். பிசியோதெரபிஸ்ட் சொன்னது பாதி, தானே கண்டுபிடித்தது மீதி. 1985-இல் மும்பையில் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்களிரோசிஸ் சங்கம் சென்னை போன்ற நகரங்களில் கிளை வைத்து, நோயாளிகள் ஒருவரோடொருவர் பேச வழி செய்கிறது. நைனார்பாளையத்திலிருந்து சென்னை ஒரு நாள் பயணம், அதுவும் வெயிலில். அவளுக்குச் சங்கம் என்பது அலைபேசியில் பேசும் இன்னொரு ஊர்க்காரி.

கடைசியாக ஒரு பெயர்ச்சண்டை. இந்த நோயில் விலாவைச் சுற்றி ஓர் இறுக்கம் வரும். சிலருக்கு மூச்சே விட முடியாதபடி, பட்டை போட்டு முறுக்குவதுபோல. ஆங்கிலத்தில் இதற்கு நோயாளிகளும் மருத்துவர்களும் சொல்லும் செல்லப்பெயர் ‘எம்.எஸ். அணைப்பு’. நோயாளிகள் இதைக் கசந்த நகைச்சுவையோடு சொல்வதாக இருக்கலாம். ஆனால் மொழிபெயர்த்து அக்காவிடம் சொன்னபோது அவள் முகம் மாறியது. “அணைக்கறதா? யார் அணைக்கறா?” என்றாள். அவளுக்கு அது வரும் நாள்களில் பாவாடை நாடாவைக் கட்ட முடியாது. நைட்டிதான். நைட்டியோடு வாசலுக்கு வருகிறாள் என்று பேச்சும் வந்தது, அதையும் தாங்கிக்கொண்டாள்.

அவள் அதற்கு வைத்திருக்கும் பெயர் பூண். உலக்கை பிளக்காமலிருக்க நுனியில் அடித்து ஏற்றும் இரும்பு வளையம். “காலையிலேருந்து பூண் போட்டிருக்குதுடி” என்பாள். போனமுறை மருத்துவமனைக்குப் போனபோது மாமா வெளியே டோக்கன் வரிசையில் நின்றிருந்தார், நாங்கள் இருவர் மட்டும் உள்ளே. இளம் பெண் மருத்துவர் ஒருவர். உலக்கையை அவர் பார்த்ததில்லை. அக்கா இரண்டு கையையும் விலாவில் வைத்து, கொல்லன் பூணைக் காய்ச்சி ஏற்றுவதையும் அது ஆறும்போது மரத்தை இறுக்குவதையும் காட்டினாள். எந்த நேரத்தில், எவ்வளவு நேரம், மூச்சு இழுத்தால் கூடுமா என்று அவர் கேட்கத் தொடங்கினார்.